இரண்டு பானைக் கஞ்சி

முஸ்லிம் வீட்டுக்கு நோன்பு துறக்கப் போன கதையை இங்கே எல்லாரும் சொல்கிறீர்கள், நானும் சொல்கிறேன். எனக்கு இலங்கையின் கிழக்குக் கரையில் பாண்டிருப்பு, தமிழ் ஊர். வடக்கே கொஞ்சம் நடந்தால் மருதமுனை, முஸ்லிம் ஊர். அங்கே நெய்த சாரனும் சேலையும் எங்கள் வீட்டு அலுமாரியில் எப்போதும் இருக்கும். 2004 சுனாமி இரண்டு ஊர்க் கரையையும் சேர்த்துத்தான் அள்ளிக்கொண்டு போனது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாற்பது வயது வரை ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்படியில் நான் நின்றதில்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்குப் புக்கை போகும். எல்லாம் வாசலோடு சரி.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த வாசல் பழக்கமும் நின்றுபோனது. தெரிந்த முகத்தைச் சந்தையில் கண்டும் பேசாமல் கடந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கஷ்டப்படுகிறது.

என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் அக்கா ஒருவர் போன நோன்பில் கூப்பிட்டார்; ராத்தா என்றுதான் அவரைச் சொல்வேன். "ஆறு மணிக்கு வராதீங்க தங்கச்சி, நாலரைக்கே வாங்க" என்றார். ஏனென்று அங்கே போன பிறகுதான் விளங்கியது.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை எல்லாம் சேர்ந்த வாசம். தேங்காய்ப்பால் கடைசியில் விடுவதற்காகப் பிழிந்து மூடியிருந்தார்கள். பக்கத்து அடுப்பில் சின்னப் பானை ஒன்று. பெரியதில் மாட்டிறைச்சி, சின்னதில் இறைச்சியே இல்லை. எனக்கென்று தனிப் பானை, தனி அகப்பை. நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. அகப்பையை மாற்றிப் போட்டுவிடாதே என்று ராத்தா மகளிடம் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு சின்னப் பானையில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆற்றி, என் உள்ளங்கையில் விட்டார். "உப்புப் பாருங்க. எங்களுக்கு நோன்பு வாயில வைக்க மனசு வராது. இல்லாட்டி ஒவ்வொரு நாளும் கைக்கணக்குத்தான்."

"இன்னும் கொஞ்சம் போடலாம் ராத்தா."

சின்னதற்கு ஒரு சிட்டிகை போட்டார். பெரிய பானைக்கும் அந்தக் கணக்கை வைத்தே போட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் பதினொரு பேர் குடித்த கஞ்சிக்கு உப்புச் சொன்னது நான். அந்த நிமிடத்தில் விருந்தாளி என்ற எண்ணமே என்னை விட்டுப் போய்விட்டது.

பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அந்த வீடு அவருடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது. எங்கள் ஊரிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். குடி, அதாவது தாய்வழி வம்சம், பார்க்கிற வழக்கமும் இரண்டு பக்கமும் உண்டு. எங்கள் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பைப் பற்றி அவர் கேட்டார். திருவிழாப் பதினெட்டு நாளும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லையா, சின்னப் பிள்ளைகளுக்குமா, தீயில் இறங்கும்போது பயம் வராதா என்று. இத்தனை வருடமாகக் கேட்க நினைத்து வைத்திருந்த கேள்விகள்!

ஆறு மணிக்குப் பாயில் எல்லாம் வந்துவிட்டது. பேரீச்சம்பழம், சமோசா, கசகசா போட்ட சர்பத். ஒருவரும் கை நீட்டவில்லை. வீட்டின் கடைசிப் பையனுக்கு அதுதான் முதல் நோன்பாம். பழத்தைக் கையில் பிடித்தபடி யன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரியவர்களின் உதடுகள் துஆவில் மெல்ல அசைந்தன. பாங்கு கேட்டது. பழம், தண்ணீர், கொஞ்சம் கஞ்சி, உடனே மஃரிப் தொழுகைக்கு எழுந்துவிட்டார்கள். ராத்தாவின் மாமி மட்டும் எனக்குத் துணையாக இருந்துவிட்டுப் பிறகு தொழப் போனார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் மண்டபம் ஒன்றில் நடந்த நல்லிணக்க இப்தாருக்கு (நோன்பு துறக்கும் நிகழ்வுக்கு) நானும் போயிருந்தேன். பாங்கு சொல்லியும் மேடையில் பேச்சு முடியவில்லை. நோன்பாளிகள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதைக்காக இருந்தார்கள். நேரம் வந்தால் தாமதிக்காமல் துறப்பதுதான் நபிவழி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்தார் ஒழுங்கு செய்கிறவர்கள் தயவுசெய்து பேச்சை நேரத்தோடு முடியுங்கள், இல்லையென்றால் தொழுகைக்குப் பிறகு வையுங்கள். முடிந்தால் மண்டபத்தை விட்டுவிட்டு ஒரு குடும்பத்தை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அதுவும் நாலரைக்கே.

*

முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

அக்கா, உங்கள் உப்புக் கதையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. 1990 ஆகஸ்ட் 3 இரவு, இஷாத் தொழுகையில் இருந்தவர்களை எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குள் சுட்டார்களே, அதில் என் மாமா போனார். உம்மாவின் ஒரே தம்பி. அதற்குப் பிறகு தமிழ் ஆட்கள் யாரும் எங்கள் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டதில்லை. உம்மா வேண்டாம் என்று சொன்னதில்லை, நாங்களாகவே கூப்பிடவில்லை.

மூன்று நோன்புக்கு முன்னால் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதி நண்பனைத் துணிந்து கூட்டி வந்தேன். உம்மா பேசாமல் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் தொழுதுவிட்டு வந்தபோது இரண்டு பேரும் திண்ணையில் இருந்தார்கள். உம்மா கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. "அந்த வருசம் உங்கட வீட்டிலயும் ஆரும் போனாங்களா மகன்?"

"சித்தப்பா போனார் உம்மா. உடம்புகூடக் கிடைக்கல்ல."

அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. உம்மா எழுந்து போய் இன்னொரு கோப்பை கஞ்சி கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார். இப்போது நோன்பு பிறந்தால் முதல் வாரத்திலேயே, "அந்தப் பிள்ளையக் காணல்லயே, எப்ப வருவான்?" என்று உம்மாதான் கேட்கிறார்.