வீட்டு தியேட்டர் குழு: ரெண்டு சப் சேர்ந்தா 72 ஹெர்ட்ஸ்ல பள்ளம்

நான்: மாமா, முன் சுவத்து சப்பை (பேஸ் சத்தத்துக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்) மட்டும் ஓட்டினா, மைக் வச்சு எடுத்த சத்த அளவு கிராஃப் நல்லா இருக்கு. சோஃபாவுக்குப் பின்னால இருக்கறதை மட்டும் ஓட்டினாலும் நல்லா இருக்கு. ரெண்டையும் சேர்த்தா 72 ஹெர்ட்ஸ் கிட்ட 12 டிபி (டெசிபல், சத்த அளவு) பள்ளம்.

நான்: 📷 படம்

மாமா: நடு இருக்கைலேர்ந்து டேப் வச்சு அளந்தியா மாப்ளே?

நான்: முன்னது 3.6 மீட்டர், பின்னது 1.2.

மாமா: வித்தியாசம் 2.4 மீட்டர். சத்தம் ஒரு மில்லிசெகண்ட்ல சுமார் 34 செ.மீ. போகும். அப்ப முன்னது 7 மில்லிசெகண்ட் லேட்டா வருது. 72 ஹெர்ட்ஸுக்கு ஒரு முழு அலை 14 மில்லிசெகண்ட், பாதி 7. உன் காதுகிட்ட ஒண்ணு தள்றப்ப இன்னொண்ணு இழுக்குது. பள்ளம் சரியா அங்கதான் விழும்.

அக்கா: அதை ஈக்யூ (ஈக்வலைசர், குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏத்தி இறக்கறது) போட்டுத் தூக்கப் பாக்காத தம்பி. 10 டிபி ஏத்தினா ஆம்ப் 10 மடங்கு பவர் தரணும். ரெண்டு சப்போட சத்தமும் சேர்ந்து ஏறும், சேர்ந்தே அழியும். பள்ளம் அப்படியே கிடக்கும்.

நான்: ரிசீவர்ல (ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்கற பெட்டி) ரெண்டு சப் அவுட் இருக்கே, தனித்தனியா டிலே (தாமதம்) கொடுக்காதா?

அண்ணன்: பின்னாடி ரெண்டு சாக்கெட் இருந்தா மட்டும் போதாதுடா. நிறைய மாடல்ல உள்ள ஒரே சிக்னல்தான், ஒய் கேபிள் போட்ட மாதிரி. மெனுல சப் 1, சப் 2ன்னு தூரம் தனியா காட்டுதா?

நான்: இல்ல, ஒண்ணுதான் காட்டுது.

அண்ணன்: அப்ப நடுவுல மினிடிஎஸ்பி 2×4 எச்டி மாதிரி ஒரு பெட்டி வேணும். ரிசீவர்லேர்ந்து ஒரு ஒயர் உள்ளே, சப்புக்கு ரெண்டு ஒயர் வெளியே. ஒவ்வொரு அவுட்டுக்கும் தனி கெயின் (சத்த அளவு), டிலே, போலாரிட்டி (தள்றதை இழுக்கறதா திருப்பறது), 10 பேண்ட் ஈக்யூ இருக்கு.

நான்: அது என்கிட்ட இருக்கு. இன்னும் மாட்டல.

அக்கா: மாட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ரெண்டு சப்பும் சுவத்தோட சரி நடுவுலதானா? அறை அளவு என்ன?

நான்: ஆமாக்கா, நடுவுலதான். நீளம் 5.2, அகலம் 4 மீட்டர்.

அக்கா: நல்லது. சத்தத்தோட வேகம் 344-ஐ அகலத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 43 ஹெர்ட்ஸ். பக்கச் சுவத்துக்கு நடுவுல மோதி மோதி நிக்கற அலை அது. அந்த அகலவாக்கு அலை சுவத்து நடுவுல பூஜ்யம். சப்பும் அங்கதான் இருக்கு, அதனால அதைக் கிளப்பாது. மூலைல வச்சிருந்தா ஓர இருக்கைல 43ல மேடு கட்டியிருக்கும். நீளவாக்குல முதல் அலை 33 ஹெர்ட்ஸ். எதிரெதிர் சுவத்துல ரெண்டும் ஒரே நேரத்துல அடிச்சா அதுவும் அடங்கும். ஹார்மன் ஆடியோ கம்பெனில டாட் வெல்ட்டி 2002லயே ஏஇஎஸ்ல (ஆடியோ இன்ஜினியர்கள் சங்கம்) இதைக் காட்டியிருக்கார்.

மாமா: "ஒரே நேரத்துல"ன்னு அக்கா சொன்னதை மறந்துடாத, அப்பறம் தேவைப்படும்.

மாமா: இப்ப சப்போட முதுகுல இருக்கற குமிழ். லோபாஸை (மேல் ஹெர்ட்ஸை வெட்டறது) முழுசாத் திருப்பு, இல்ல எல்எஃப்இன்னு (படத்தோட தனி பேஸ் சேனல்) இருந்தா அதுல வை. ஃபேஸ் 0. ஆட்டோ வேணாம், ஆன்ல வை. ஸ்வீப் (கீழ் ஹெர்ட்ஸ்லேர்ந்து மேல ஏறற சோதனைச் சத்தம்) நடுவுல சப் தூங்கிப் போச்சுன்னா கிராஃப் பொய் சொல்லும். ரிசீவர்ல ஸ்பீக்கர் எல்லாம் ஸ்மால், கிராஸோவர் 80 (80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறது சப்புக்குப் போகும்). எல்எஃப்இ + மெயின் (அதே பேஸை ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் அனுப்பறது) வேண்டவே வேண்டாம். ரூம் கரெக்‌ஷன் (ரிசீவர் தானே மைக் வச்சு அளந்து திருத்தறது) இப்போதைக்கு ஆஃப்.

மாமா: ரெண்டும் ஒரே மாடல்தானே? கெயினை சோஃபாலேர்ந்து சமன் பண்ணாத. மைக்கை ஒவ்வொரு கோன் கிட்டயும் ஒரே தூரத்துல வச்சு சமன் பண்ணு, அரை டிபிக்குள்ள. அப்பதான் ரெண்டு ஆம்பும் ஒரே அளவு உழைக்கும்.

அக்கா: மாமா சொல்றது சரி, ஆனா பின்னது 1.2 மீட்டர்லதான் இருக்கு. சத்தம் முதுகுலேர்ந்து வர்ற மாதிரி தெரிஞ்சா அதை 2, 3 டிபி குறைக்கறதுல தப்பில்ல. நான் குறைப்பேன்.

மாமா: குறைச்சுக்கோ, சேர்ந்த கிராஃபைப் பார்த்துட்டு.

நான்: மைக் யுமிக்-1. ஸ்வீப் எப்படி எடுக்கறது?

அண்ணன்: யூஎஸ்பி மைக்குக்கு லூப்பேக் (நேரத்தை ஒப்பிட சிக்னலைத் திரும்பக் கொண்டுவர்ற வழி) கிடையாது. ரூம் ஈக்யூ விசார்ட்ங்கற அளவு சாஃப்ட்வேர்ல அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ் போடு. ஸ்வீப்போட லெஃப்ட் ஸ்பீக்கர்ல ஒரு கீச்சுச் சத்தம் வரும், நேரக் கணக்கு அதுலேர்ந்துதான். கடைசி வரைக்கும் அதே ஸ்பீக்கர். நடுவுல மாத்தினா எல்லா அளவும் குப்பை. 15லேர்ந்து 200 ஹெர்ட்ஸ், 75 டிபி. மைக்கை ஸ்டாண்ட்ல காது உயரத்துல வை, சோஃபா மேல சாய்க்காத. 3 இருக்கை, 2 சப், தனித்தனியா 6 ஸ்வீப்.

_மறுநாள்_

நான்: பின்னதுக்கு 7 மில்லிசெகண்ட் டிலே போட்டேன். 72 பள்ளம் போயிடுச்சு! ஆனா 33ல 8 டிபி மேடு வந்திருக்கு. நேத்து இல்ல.

அக்கா: அதான் அந்த "ஒரே நேரம்". பின்னதைத் தாமதிச்சதும் 33 ஹெர்ட்ஸ் அலையை அடக்கற வேலை கெட்டுப் போச்சு. 7 மில்லிசெகண்ட் 33ல கிட்டத்தட்ட கால் அலை.

மாமா: 0லயும் இல்ல 7லயும் இல்ல, நடுவுல எங்கயோ இருக்கு. அரை அரை மில்லிசெகண்டா நகர்த்து. ஒவ்வொரு தடவையும் 3 இருக்கையையும் பாரு. பொறுமை இல்லன்னா அந்த 6 ஸ்வீப்பை மல்டி-சப் ஆப்டிமைசர்ங்கற சாஃப்ட்வேர்ல கொடு, இலவசம்தான், அது தேடித் தரும்.

நான்: 4.5 மில்லிசெகண்ட்ல 72 ஹெர்ட்ஸ் 2 டிபிதான் குறையுது, 33 மேடு 5 டிபி. மூணு இருக்கையும் கிட்டத்தட்ட ஒரே கோடு.

மாமா: அதோட நில்லு. மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. 33ல 5 டிபி வெட்டு, ஆனா மினிடிஎஸ்பில இன்புட் பக்கம் போடு. அவுட்புட்ல ஒண்ணுக்கு மட்டும் போட்டா ஃபேஸ் மாறி, இவ்வளவு நேரம் சேர்த்தது கலைஞ்சுடும். இனிமே ரிசீவருக்கு இது ஒரே ஒரு சப்.

அண்ணன்: இப்ப ரூம் கரெக்‌ஷன் ஓட்டு. சப் லெவல் -12ன்னு காட்டினா நம்பாத, அது பல ரிசீவர்ல கீழ் எல்லை. உண்மையா எவ்வளவு வேணும்னு தெரியாது. மினிடிஎஸ்பில ரெண்டு அவுட்டையும் சமமாக் குறைச்சுட்டுத் திரும்ப ஓட்டு.

நான்: லெவல் -6. ஆனா தூரம் 4.2 மீட்டர்ங்குது, டேப்ல 3.6தானே?

அக்கா: டேப்புக்குத் திருத்தாத. மினிடிஎஸ்பிக்குள்ள ஆகற தாமதத்தையும் அது தூரமா எண்ணுது. சென்டர் ஸ்பீக்கரையும் சப்பையும் சேர்த்து ஸ்வீப் எடு, 60லேர்ந்து 100 வரைக்கும் குழி இருந்தா அந்தத் தூரத்தை 30 செ.மீ. படியா ஏத்தி இறக்கிப் பாரு. 80 ஹெர்ட்ஸ்ல அரை அலை சுமார் 2.15 மீட்டர், அதைத் தாண்டி அலைய வேண்டாம்.

நான்: 5.1 மீட்டர்ல வச்சதும் 85ல இருந்த குழி நிரம்பிடுச்சு 🙏

அக்கா: ஃபைலைச் சேவ் பண்ணு. சோஃபா கால் இருக்கற இடத்துல தரைல டேப் ஒட்டிடு, பெருக்கறப்ப நகர்ந்துடும்.