பொருள்: யூவி ஸ்டெரிலைசருக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளி மதியத்துக்குள் வேண்டும்)

வில்லிவாக்கம் | செவ்வாய், காலை 10:12

குழுவினருக்கு வணக்கம்.

அலங்கார மீன் வளர்க்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மதியம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது. நீர்த்தாவரங்கள் வைத்த நன்னீர்த் தொட்டி பற்றிய பாடத்தில் மட்டும், தண்ணீரில் மிதக்கும் பாசியையும் கிருமியையும் கதிரால் அடக்கும் 'யூவி ஸ்டெரிலைசர்' வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

பாடநூல் வழியில் 'புற ஊதாக் கதிர் நுண்ணுயிர் நீக்கக் கருவி' என்று எழுதிப் பார்த்தேன். படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் எழுத இரண்டு சென்டிமீட்டர்தான் இடம். 'கிருமிநாசினி' என்று சுருக்கினால் படிப்பவருக்கு ஃபினாயில்தான் ஞாபகம் வரும். தொட்டியில் ஊற்றியும் விடுவார். என் பயமே அதுதான்.

பார்த்ததும் புரிய வேண்டும், இடத்துக்குள் அடங்கவும் வேண்டும். உதவுங்கள்.

கொளத்தூரான் | செவ்வாய், பகல் 1:05

அம்மா, எங்கள் மீன் கடைத் தெருவில் அதற்குப் பேர் யூவி. ரொம்ப மரியாதை கொடுத்தால் யூவி லைட்.

சொல் தேடுகிறவர்களுக்குப் பொருள் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேர் வைத்த கதையாகிவிடும். ஒரு முழ நீளத்தில் கறுப்பு பிளாஸ்டிக் கூடு. உள்ளே குவார்ட்ஸ் குழாய், அதற்குள் விளக்கு. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை வெளியே விடாது, அதனால்தான் குவார்ட்ஸ். ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் கூட்டுக்கும் குவார்ட்ஸுக்கும் நடுவே ஓடி அந்தப் பக்கம் வெளியேறும். மெதுவாக ஓடினால் வேலை நடக்கும். வேகமாக ஓடினால் கதிர் படும் நேரம் குறைந்து தண்ணீர் வந்தபடியே போய்விடும்.

எங்கள் ஏரியா போர்த் தண்ணீருக்குச் சில மாதத்திலேயே குவார்ட்ஸ் மேல் வெள்ளையடித்த மாதிரி உப்பு ஏறிவிடும். கழற்றி, வினிகரில் ஊறப்போட்டுத் துணியால் துடைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் ஒரு இடத்தில் சுருண்டிருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கி விளக்கு காலி. இன்னொன்று: விளக்கு பல வருடம் நீலமாக எரியும், ஆனால் 8000, 9000 மணி நேரத்தில் வீரியம் போய்விடும். இடைவிடாமல் எரிந்தால் ஒரு வருடக் கணக்கு. 'எரியுதே சார்' என்று மாற்றாமல் வைத்திருப்பவர்கள்தான் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள்.

என்ன பேர் வேண்டுமானாலும் வையுங்கள், 'விளக்கைப் பார்க்காதே' என்று பக்கத்திலேயே போடுங்கள். ஒருமுறை எரிகிறதா என்று பார்க்க, கூட்டுக்கு வெளியே வைத்தே சுவிட்சைப் போட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும் அந்த வலி.

வைகைக்கரை | செவ்வாய், மாலை 6:48

'புற ஊதாக் கதிர் கிருமி' என்று நான்கு சொல் எழுதினால் இரண்டு வந்தேறி. 'ஊதா' உருது வழி வந்தது. 'கிருமி' வடமொழி, அங்கே அதற்குப் புழு என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் புழு என்று சொல்லத்தான் இவ்வளவு பாடா? சோழன் ஒருவனைக் 'கிருமிகண்ட சோழன்' என்று வைணவ மரபு குறிப்பதும் தொண்டையில் புழு வைத்துச் செத்த கதையை ஒட்டித்தான்.

இந்த நிறத்துக்கு நம்மிடம் காயாம்பூ இருக்கிறது. திருமால் மேனிக்கே உவமையான பூ. 'காயாங்கதிர்த் துலக்கி' என்பது என் பரிந்துரை. துலக்குதல் என்றால் அழுக்கு நீங்கப் பளிச்சென்று ஆக்குதல். பாத்திரம் துலக்குவது அந்தப் பெண்களுக்குத் தெரியாதா என்ன?

கொளத்தூரான் | செவ்வாய், மாலை 7:20

ஐயா, 'காயாங்கதிர்' என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் காயாத நெற்கதிர் என்பார்கள். களத்தில் போட்டுக் காயவைக்கச் சொல்வார்கள்.

பாத்திரம் துலக்கப் பெண்களுக்கு மட்டும்தான் தெரிய வேண்டுமா என்று வீட்டில் கேட்கச் சொன்னார்கள்.

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9:31

கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மூலச்சொல்லே பொய் சொல்கிறது. ஸ்டெரிலைஸ் என்றால் ஓர் உயிர் மிச்சமில்லாமல் செய்வது. மீன் தொட்டியில் இந்தக் கருவி அப்படிச் செய்யவே செய்யாது. குழாய்க்குள் வந்தவற்றை மட்டும்தான் தாக்கும். தண்ணீரில் மிதக்கும் பச்சைப்பாசி இரண்டு மூன்று நாளில் தெளியும். கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிய பாசிக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணியும் அப்படித்தான். நீந்தித் திரியும் பருவத்தில் உள்ளே வந்தால் மாட்டும், மீனின் தோலுக்குள் இருக்கும்போது தப்பிக்கும். அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களும் ஃபில்டர் பஞ்சில் ஒட்டி வாழ்வதால் பிழைத்துக்கொள்கின்றன. எல்லாம் செத்தால் மீனும் சாகும்.

'நீக்கி' என்பதும் சரியில்லை. செத்த பாசி தண்ணீரிலேயேதான் கிடக்கிறது. அதை நீக்குவது பஞ்சு.

உண்மையில் நடப்பது இதுதான். 254 நானோமீட்டர் அளவிலான கதிர் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. அதன்பின் செல்லால் தன்னைப் பிரதி எடுக்க முடியாது. உடனே சாகாவிட்டாலும் பெருக முடியாமல் போகிறது. அதாவது மலடாகிறது. அறிவியல்படி மிகத் துல்லியமான தமிழ்ச் சொல் 'மலடாக்கி'தான்.

சொல்லிவிட்டு நானே வேண்டாம் என்கிறேன். மகளிர் குழுக் கையேட்டில் அந்தச் சொல்லை அச்சடிக்க எனக்குக் கை வராது. எத்தனை பேரை அந்த வார்த்தையால் அடித்திருப்பார்கள்.

வில்லிவாக்கம் | செவ்வாய், இரவு 9:50

கண்டிப்பாக வேண்டாம்.

வடமராட்சி | புதன், காலை 5:58

வணக்கம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது 'கழியூதா'. இலங்கைப் பாடநூல்களில் இப்போதும் அதுதான். ஒரே சொல், நான்கெழுத்து, உங்கள் இரண்டு சென்டிமீட்டருக்குள் வடிவாக அடங்கும். 'புற ஊதா'வைப் பிரித்தும் சேர்த்தும் ஒற்றுப் போட்டும் போடாமலும் எழுதிக் குழப்ப வேண்டியதில்லை. 'கழி' என்றால் மிகுதி. நன்னூல் 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்கிறது. கழிபேருவகை என்கிறோமே, அந்தக் கழி.

வைகைக்கரை | புதன், காலை 7:15

ஆகா. யாழ்ப்பாணத்தார் எப்போதும் ஒரு படி மேல்.

ஆனாலும் ஒரு திருத்தம். தொல்காப்பியர் மிகுதிப் பொருளுக்கு உறு, தவ, நனி என்று மூன்றைத்தான் சொன்னார். நன்னூலார்தான் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். தொன்மையே வேண்டுமென்றால் 'நனியூதா' என்றும் சொல்லலாம். ஊதாவை விட மனமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கழிக்கு இன்னொரு அழகும் உண்டு. நெய்தல் நிலத்து நீர்நிலையும் கழிதான். உப்பங்கழி, கழிமுகம், கழிக்கானல். நீர் ஓடும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எங்கே கிடைக்கும்?

கொளத்தூரான் | புதன், காலை 7:40

கழிப்பறையில் கிடைக்கும். கழிவுநீரிலும் கிடைக்கும். 'கழியூதா' என்று போட்டால் இங்கே எல்லாருக்கும் கழிவுத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். இலங்கைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம், சொல் நல்ல சொல்தான். இங்கே வேறு இடத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது.

வடமராட்சி | புதன், காலை 8:22

கோபமில்லை. ஆனால் கழிப்பறையைக் கட்டினது நீங்கள், பழி எங்கள் சொல்லுக்கு.

அப்படிப் பார்த்தால் உங்கள் 'அகச்சிவப்பு' மட்டும் சரியா? 1800இல் ஹெர்ஷல் வெப்பமானியைச் சிவப்புக்கு வெளியே வைத்துத்தான் அந்தக் கதிரைக் கண்டார். மறு ஆண்டு ரிட்டர் ஊதாவுக்கு வெளியே வைத்த வெள்ளிக் குளோரைடு கறுப்பதைப் பார்த்தார். இரண்டும் நிறமாலைக்கு வெளியே. பிறகு ஒன்று எப்படி அகம், மற்றது எப்படிப் புறம்? நாங்கள் 'செந்நிறக்கீழ்' என்கிறோம். அதிர்வெண் சிவப்பை விடக் கீழே. கணக்குச் சரி.

வைகைக்கரை | புதன், காலை 9:10

அகம், புறம் என்று பிரித்தவர் எட்டுத்தொகை படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்தவராக இருப்பார். எனக்கு அதில் குறையில்லை.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9:30

சிவப்பை விட்டுவிட்டு ஊதாவுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை என்று கேட்டிருக்கிறார்கள்.

நுண்ணோக்கி | புதன், பகல் 12:44

'கதிரலசி' எப்படி? தண்ணீரைக் கதிரில் ஓர் அலசு அலசி அனுப்புகிறது. கொல்கிறது, நீக்குகிறது என்ற பொய் வாக்குறுதி எதுவும் இல்லை.

வில்லிவாக்கம் | புதன், பகல் 1:15

எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பக்கத்து மேசையில் காட்டினேன். 'கதிரை அலசி ஆராயும் கருவியா, லேப்ல இருக்குமே' என்றார். அடுத்தவர், 'கதிர் என்பது யாரு?' என்று கேட்டார்.

கூடவே ஒரு சந்தேகம். 'பிளாண்டட் டேங்க்' என்பதற்குச் 'செடித்தொட்டி' போடலாமா?

கொளத்தூரான் | புதன், பகல் 1:32

போட்டால் மாடியில் ரோஜா வைக்கிற சிமெண்டுத் தொட்டியைத்தான் நினைப்பார்கள். 'நீர்ச்செடி வைத்த மீன் தொட்டி' என்று நீட்டியே எழுதுங்கள்.

செடி என்றதும் ஞாபகம் வந்தது. கையேட்டில் இது இருக்கிறதா பாருங்கள். செடிக்குப் போடுகிற இரும்புச் சத்து உரத்தை இந்தக் கதிர் உடைத்துவிடும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கிற பொருள் சிதைந்துபோய், இரும்பு துருப்பொடியாக அடியில் தங்கிவிடும். புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போட்டால் ஒரு நாள் யூவியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நான் பச்சைத் தண்ணீர் வந்தால் மட்டும்தான் போடுவேன். தெளிந்ததும் நிறுத்திவிடுவேன். ஆனால் வெளிச்சத்தையும் தீனியையும் குறைக்காமல் இதை மட்டும் நம்பினால், நிறுத்தின மறுவாரமே பாசி திரும்பி வந்துவிடும்.

வைகைக்கரை | புதன், மாலை 5:26

கொளத்தூரார் உரைநடையில் சொன்னதைப் பரணர் குறுந்தொகையில் பாடி வைத்திருக்கிறார்.

ஊருண் கேணி உண்துறைத் தொக்க
பாசி அற்றே பசலை காதலர்
தொடுவுழித் தொடுவுழி நீங்கி
விடுவுழி விடுவுழிப் பரத்த லானே.

தொட்ட இடத்தில் விலகும், கையை எடுத்த இடத்தில் பரவும். உங்கள் யூவியும் அதே காதலன்தான்.

நுண்ணோக்கி | புதன், இரவு 8:03

ஐயா, அழகு. ஆனால் அது கேணிப் படித்துறையில் படர்ந்த பாசி. கருவி தொடுவது மிதக்கும் பாசியை மட்டும். அந்த வேறுபாட்டுக்கு மூதுரைதான் பொருந்தும். நீர் வற்றினால் பறந்துபோகும் 'அறுநீர்ப் பறவை' ஒரு பக்கம். 'கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே ஒட்டி உறுவார்' மறுபக்கம். மிதப்பது போகும், ஒட்டினது இருக்கும்.

கொளத்தூரான் | புதன், இரவு 8:20

கொட்டி நம்ம அபோனோஜெட்டான் இனம்தானே! கிழங்காக வாங்கி மணலில் வைத்தால் பத்து நாளில் இலை வரும். அவ்வையார் சொன்ன செடியையா நாம் தொட்டியில் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்? இத்தனை வருடம் தெரியாமல் போச்சே.

வில்லிவாக்கம் | வியாழன், இரவு 11:17

முடிவு எடுத்துவிட்டேன், திட்டாதீர்கள்.

படத்தில் 'யூவி கிருமிநீக்கி'. பாடத்தில் முதல் முறை வரும்போது 'புற ஊதாக் கதிரால் நீரைத் தெளியவைக்கும் யூவி கிருமிநீக்கி' என்று ஒரு வரி. நுண்ணோக்கி அம்மா சொன்ன குறை புரிகிறது. அதனால் கீழே கட்டம் கட்டி, 'எல்லாக் கிருமியும் சாகாது, ஒட்டிய பாசி போகாது' என்று சேர்த்திருக்கிறேன். மூதுரை வெண்பாவையும் அங்கேயே போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான், பிடித்துக்கொள்வார்கள். விளக்கைப் பார்க்காதே என்பது சிவப்பு எழுத்தில்.

தனி மடலில் வந்ததையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் கிருமிநீக்கிக்கு மூன்று பேர், அதில் மட்டுறுத்துநர் 'சரி சரி' என்றதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன். கழியூதாவுக்கு ஒருவர். காயாங்கதிருக்கு ஒருவர்.

வைகைக்கரை | வெள்ளி, காலை 6:40

யூவி ஆங்கிலம், கிருமி வடமொழி, நீக்கி மட்டும் தமிழ். மூன்றில் ஒரு பங்கு. என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நேற்றிரவு யோசித்ததில் 'துலக்கு', 'துலங்கு' இரண்டுக்கும் உள்ள தன்வினை பிறவினைத் தொடர்பு பற்றித் தனி மடல் எழுதியிருக்கிறேன், நீளம் கருதி இணைப்பாக.

நுண்ணோக்கி | வெள்ளி, காலை 8:15

நானும் முழு மனதோடு ஒப்பவில்லை. என் மாணவர்களுக்குக் கதிரலசி என்றே சொல்லிப் பார்க்கப் போகிறேன். சிரித்தால் விட்டுவிடுகிறேன்.

வடமராட்சி | வெள்ளி, மாலை 4:52

அனுப்பிய மெய்ப்பை இப்போதுதான் பார்த்தேன். 19ஆம் பக்கத்தில் 'புற ஊதா கதிரால்' என்றிருக்கிறது. க் வர வேண்டும்.

வில்லிவாக்கம் | வெள்ளி, மாலை 5:03

அச்சுக்குப் போய்விட்டது அண்ணா.