ஞாயிறு விருந்தும் பிசுக்கு ஃபிரையரும்

வியாழன்

அக்கா (மாலை 6:42): ஞாயிறு விருந்துக்காக எண்ணெயில் பொரிக்கும் கரண்ட் ஃபிரையரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மீன் வாடை. உள்ளே எல்லாம் தேன் பூசிக் காய்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டுகிறது, விரல் வைத்தால் ரேகை பதிகிறது. கடைசியாக யாரிடம் இருந்தது?

அக்கா: 📷 புகைப்படம்

தங்கை: அய்யே

பெரியப்பா: இனிய மாலை வணக்கம். படம் தலைகீழா, என் போன் தலைகீழா?

பெரியம்மா: கடைசியாக எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அத்தை: என்னிடம்தான் இருந்தது. துடைத்துத்தான் கொடுத்தேன் அண்ணி. இரண்டு முறை துடைத்தேன்.

பெரியம்மா: நான் உன்னைச் சொல்லவில்லையே.

அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தங்கை: அக்கா, அப்படியே சிங்கில் வைத்து சுடுதண்ணீரைத் திறந்துவிடு. காலைக்குள் ஊறிவிடும்

சித்தப்பா: முக்காதே! யாரும் எதுவும் செய்ய வேண்டாம். டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

அக்கா: சரி சித்தப்பா, தொடவில்லை

தங்கை: பெரிய கடிதம் வருகிறது, எல்லோரும் உட்காருங்கள்

பெரியப்பா: நாற்காலி யார் கொண்டு வருகிறீர்கள்? 25 பேர்.

சித்தப்பா: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அத்தை துடைத்தது உண்மைதான், துடைத்தால் போகிற பிசுக்கு இல்லை இது. மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டிலும் காற்றிலும் இருந்தால் மெல்ல இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிவிடும். ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காய்ந்து இறுகுவதும் இதே முறையில்தான். மாதக்கணக்கில் மூடியே வைத்திருந்தோம், அது நம் எல்லோர் தவறும். இப்போது பார், பட்டன்கள் இருக்கும் பெட்டியும் எண்ணெயைச் சூடாக்கும் கம்பியான ஹீட்டர் காயிலும் ஒன்றாக மேலே கழன்று வருகிறதா, இல்லை எல்லாம் ஒரே உடம்பா? கழன்று வந்தால் உள் பாத்திரத்தைத் தனியாகக் கழுவலாம். வராவிட்டால் குழாய்க்கு அடியிலேயே கொண்டு போகாதே, ஈரத் துணியால்தான். எந்த மாடலாக இருந்தாலும் பட்டன் பெட்டியும் காயில் அதில் சேரும் இடமும் தண்ணீரில் முங்கவே கூடாது.

அக்கா: கழன்று வருகிறது

பெரியம்மா: சோடா உப்பு போட்டு மேலே வினிகர் ஊற்று. பொங்கி எல்லாம் வந்துவிடும்.

சித்தப்பா: அண்ணி, பொங்குவது கண்ணுக்குத்தான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். சோடாவைத் தனியாக, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் பசை மாதிரி குழைத்துத் தேய்த்தால்தான் வேலை செய்யும். வினிகர் கடைசி அலசலுக்கு, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு போதும்.

பெரியம்மா: நான் முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன் தம்பி.

தங்கை: பெரியம்மா செய்தது சுத்தமாகத்தான் இருக்கும், தேய்ப்பது அவர்கள் கை அல்லவா

பெரியம்மா: ❤️

அக்கா: அடியில் பழைய எண்ணெய் ஒரு டம்ளர் அளவு இருக்கிறது. கறுத்துவிட்டது. சிங்கில் ஊற்றலாமா

அத்தை: வேண்டாம் வேண்டாம், குழாய்க்குள் போய்ப் படிந்து அடைத்துவிடும். மூடியுள்ள பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடு.

சித்தப்பா: சரியாகச் சொன்னாள்.

பெரியப்பா: நாற்காலி?

வெள்ளி

சித்தப்பா (காலை 7:05): இன்று செய்ய வேண்டியது. ஒட்டியிருப்பதை முதலில் டிஷ்யூவாலும் மரக் கரண்டியாலும் வழித்து எடு. கம்பி நாரோ கத்தியோ வேண்டாம், உள்ளே நான்ஸ்டிக் பூச்சு. அடுப்பு சுத்தம் செய்யும் காரமான திரவமும் வேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும். அப்புறம் காயிலை அதன் இடத்தில் மாட்டி, குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே, அதிகபட்சக் கோட்டுக்குக் கீழே தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டே சொட்டு, அதிகமானால் நுரை வழிந்து பட்டன் பக்கம் போகும். மூடியைத் திறந்தே வைத்து ஆன் செய்து, கொதி வந்ததும் ஐந்து நிமிடம். பக்கத்திலேயே நில். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறும் வரை விட்டுவிடு. சூடாக இருக்கும்போது தூக்காதே.

தங்கை: இரண்டே சொட்டு. குறித்துக்கொண்டேன்

பெரியப்பா: நம் பெரிய பாத்திரத்தின் மூடி யாரிடம்? மூன்று வருடமாகக் கேட்கிறேன்.

அத்தை: அது அண்ணி வீட்டுப் பரணில் இருக்கிறது.

பெரியம்மா: இல்லை.

அக்கா (பகல் 1:20): கொதிக்க வைத்தேன். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது! ஆறியதும் கொட்டிவிட்டு சோடாப் பசை வைத்துத் தேய்த்தேன். காயிலின் வளைவுகளுக்கு நடுவே பழைய டூத்பிரஷை விட்டால் செதில் செதிலாக உதிர்கிறது, நேற்று நகத்தால் கீறியும் அசையாதது. மூடியின் ரப்பர் விளிம்புக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. வாடை முழுக்க அங்கேதான்

சித்தப்பா: ஈர்க்குச்சியில் துணி சுற்றி எடு. மூடிக்குள் ஃபில்டர் இருக்கிறதா?

அக்கா: இரண்டு இருக்கிறது. ஒன்று கம்பி வலை. இன்னொன்று கறுப்பாகப் பஞ்சு மாதிரி

சித்தப்பா: வலையை சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கறுப்பு கரி ஃபில்டர், கழுவினால் வீண், புதிதுதான் மாற்ற வேண்டும்.

அக்கா: யார் வாங்குவது?

தங்கை: பழையதையே போட்டால் என்ன

அத்தை: மீன் வாடை அதிலும் இருக்குமே. நான் கேட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் சொல்கிறேன்.

அக்கா: பாத்திரமும் கூடையும் வினிகர் தண்ணீரில் அலசியாகிவிட்டது, காயிலை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். பளபளப்பு இல்லை, ஆனால் விரல் ஒட்டவில்லை. துடைத்து இப்போதே பெட்டியில் வைத்துவிடவா?

சித்தப்பா: வைக்காதே. இது ஒன்றை மட்டும் எல்லோரும் கேளுங்கள். பொரிக்கும் எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகும், ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கூடையின் கைப்பிடிக் குழாயில் தங்கிய ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும், எண்ணெயைத் தூக்கி எறியும். அண்ணி மணிக்கட்டில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். நான் பக்கத்தில் நின்றேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கூடையைத் தலைகீழாக உதறு, கைப்பிடியைக் கீழே தொங்கவிடு, எல்லாம் இரவு முழுக்கத் துணியின் மேல் கவிழ்ந்து காயட்டும்.

தங்கை: எனக்கு இது தெரியவே தெரியாது

அத்தை: அன்றைக்குக் கூடையைக் கழுவி ஈரத்தோடு கொண்டு வந்து மாட்டியது நான்தான்.

அத்தை: அதற்கப்புறம்தான் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை துடைக்கிறேன்.

பெரியம்மா: அந்தப் பேச்சு எதற்கு இப்போது. ஆறிப்போன புண்.

பெரியம்மா: ஞாயிறு சீக்கிரமே வா. பொரிக்கும்போது நீ பக்கத்தில் நில், நான் கரண்டி பிடிக்கிறேன்.

அத்தை: வருகிறேன் அண்ணி.

பெரியப்பா: அப்படியே நாற்காலியும்.

சனி

அக்கா (மாலை 5:48): காய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்து பார்த்தேன், விளக்கே எரியவில்லை! தண்ணீர் உள்ளே போய்விட்டதா? கெடுத்துவிட்டேனா?

சித்தப்பா: காலியாக ஆன் செய்யாதே அம்மா, எண்ணெய் இல்லாமல் காயில் சூடானால் எரிந்துபோகும். எரியாததே நல்லது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பட்டன் பெட்டியைக் கழற்றி மறுபடி அதன் பள்ளத்துக்குள் நேராக இறக்கு. சரியாக உட்காராவிட்டால் ஓடக்கூடாது என்று உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள்.

அக்கா: ஒரு பக்கம் தூக்கித்தான் நின்றிருக்கிறது. அழுத்தினேன், டக் என்றது

சித்தப்பா: அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றிய பிறகு ஆன் செய். அப்போதும் எரியாவிட்டால் பின்னால் ரீசெட் பட்டன் இருக்கிறதா பார், இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுத்து.

தங்கை: எண்ணெய் யார் வாங்குகிறார்கள்?

அக்கா: நீ இல்லையா?

தங்கை: நான் கேக் என்றுதான் முடிவானது

அத்தை: கரி ஃபில்டர் கிடைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

பெரியம்மா: பரணில் பார்த்தேன். மூடி இருக்கிறது.

பெரியப்பா: 👍 எட்டு நாற்காலி என்னிடம் இருக்கிறது. மீதி?