பதில்: வாசிகசாலைக் கூரைக்கு 100 டொலர் – முதலில் அந்தப் படத்துக்குப் பதில் வேண்டும்

உறவுகளுக்கு வணக்கம்.

ஊர் வாசிகசாலைக் கூரைக்கு ஆளுக்கு 100 டொலர் என்று நம் ஊர்ச் சங்கச் செயலாளர் தம்பி எழுதியிருக்கிறார். தருவேன். அதற்கு முன் ஊரில் மூன்று கிழமை நின்றபோது கண்டதைச் சொல்ல வேண்டும்.

2025 மே 6 பிரதேச சபைத் தேர்தலில் மடத்தடி அக்காவின் மகள் நின்றது எல்லோருக்கும் தெரியும். முன்பள்ளி ஆசிரியை. வீட்டுக்குப் போனபோது ஒரு கோப்பை எடுத்து மடியில் வைத்தாள். முகநூலில் தன்னைப் பற்றி வந்ததையெல்லாம் கடையில் பிரிண்ட் எடுத்து, திகதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள். 42 தாள். வீதி விளக்கைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. புருஷன் செத்து எத்தனை மாதத்தில் நிறச்சேலை கட்டினாள், யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள், தாய் எந்தக் குறிச்சி. இவ்வளவுதான். ஆண் வேட்பாளர்களையும் ஏசியிருக்கிறார்கள், கள்வன் என்றும் கட்சி தாவி என்றும். அவர்கள் உடுத்ததைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

தேர்த்திருவிழாப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற அவளுடைய தம்பியை வெட்டி எடுத்துவிட்டு வேறொரு ஆணை ஒட்டியிருக்கிறார்கள். கீழ் மூலையில் நம் சங்க முத்திரை பாதி தெரிகிறது. நம் ஆல்பத்துப் படம் அது. பதிவேறிய நேரங்களைப் பார்த்தேன். ஊரில் விடிய மூன்று மணி, மூன்றரை. அந்நேரம் டொரன்டோவில் மாலை ஐந்தரை, ஆறு. வேலை முடிந்து வந்து தேநீரோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சட்டத்தரணிச் செலவுக்குச் சங்கப் பணத்தில் ஒரு சதமும் இல்லை என்கிறார் பொருளாளர் அண்ணா. அவள் கேட்கவே இல்லை. ஏப்ரல் கணக்கில் ‘முகநூல் விளம்பரம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது எந்த விளம்பரம்?

பொலிசுக்குப் போனால் ஊர் மானம் போய்விடும் என்று பாரிஸ் மாமா எழுதினார். மாமா, கொரோனா ஊரடங்கில் உங்கள் தாய்க்கு இன்சுலின் வாங்கிச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தது யார்? அன்றைக்கு அவள் யாருடைய சைக்கிளில் வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2018 தேர்தலில். அதற்கு முன் இலங்கை முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்கள் இல்லை. இனி எங்கள் வட்டாரத்தில் எந்தத் தாய் மகளை நிற்க விடுவாள்? மடத்தடி அக்கா இரவில் மகளின் கைபேசியை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடுகிறாள். என் கண்ணால் பார்த்தேன்.

ஆல்பத்தின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் தம்பி இந்தக் கிழமைக்குள் எழுத வேண்டும். படத்தை ஏற்றியவர் அதை இறக்கிவிட்டு, இங்கேயே தன் பெயரோடு எழுதட்டும். அன்றைக்கே என் 100 டொலரும் மகனுடைய 100 டொலரும் வந்து சேரும்.

கோயிலடிச் சின்னக்கா
ஸ்காபரோ