கல்மூங்கில் வில்: இழுவையை எப்படிக் குறைப்பது?

ஏற்காடு_அடிவாரம்: வில் 66 அங்குலம், தடிமன் 15 மி.மீ. 28 அங்குலம் இழுத்தா தொங்கு தராசு 48 பவுண்டு காட்டுது. 40 போதும். எங்கே சீவணும்?

மரத்தூள்: வெளித்தோலைத் தொடாதீங்க, நார் அறுந்தா அங்கேயே பிளக்கும். நாண் பக்கத்தை மட்டும் கண்ணாடிச் சில்லால சுரண்டுங்க. பிடிக்கு மேலும் கீழும் சம எண்ணிக்கை. பத்துச் சுரண்டலுக்கு ஒருமுறை நாண் பூட்டி, பாதி தூரம் 30 தடவை இழுத்து மெதுவா தளர்த்துங்க. அப்புறம்தான் எடை. மூங்கில் உடனே காட்டிக்கொடுக்காது. வெறும் நாணை மட்டும் சட்டுனு விட்டுடாதீங்க, வில் உடையும்.

நாண்கயிறு: விறைப்பு தடிமனோட மும்மடியில மாறும். 10% தடிமன் போனா இழுவை 27% போச்சு. அகலத்துல 10% எடுத்தா 10% தான். உங்களுக்குத் தேவை ஒரு மி.மீ.கூட இல்லை! பக்கவாட்டுல சீவுறதே நிதானம். 42-ல நிறுத்துங்க, மிச்சத்தை உப்புத்தாள் பாத்துக்கும்.

ஏற்காடு_அடிவாரம்: கீழ்ப்பாதி அதிகமா வளையுதே?

மரத்தூள்: அப்ப மேல்பாதியை மட்டும் சுரண்டுங்க, விறைச்ச இடத்தைத்தான் குறைக்கணும். இன்னொண்ணு, மலைமேல பனிமூட்டத்துல அளக்காதீங்க. ஈரம் ஏறின மூங்கில் குறைச்சுக் காட்டும், சேலம் வெயில்ல காய்ஞ்சா பழையபடி ஏறிடும்.

நாண்கயிறு: அளவுக்கு மேல குறைஞ்சுட்டா இரு நுனியிலும் அரை அங்குலம் வெட்டிப் புது நாண்வெட்டு போடுங்க, கொஞ்சம் ஏறும்.