மிட்செல் கவுன்டியில் கல் பொறுக்க எங்கே போகலாம்?

வணக்கம் நண்பர்களே. சார்லட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது, கல் பைத்தியம். வசந்த விடுமுறைக்கு வட கரோலினாவின் மிட்செல் கவுன்டியில் இருக்கும் ஸ்ப்ரூஸ் பைன் ஊர்ப் பக்கம் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் மலைப்பக்கம் ஒரு இடத்தில் வாளி மண் வாங்கிச் சல்லடையில் அலசினோம். பளபளவென்று ஊதா அமெதிஸ்ட் வந்தது. "இது இந்த மலையிலதான் இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். வெளியிலிருந்து வாங்கி மண்ணில் கலக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அன்று அவளுக்கு நிஜமாகப் பிடித்தது வண்டி நிறுத்திய இடத்தில் கிடந்த காக்காப்பொன்தான், அதாவது மைக்கா. நகத்தால் உரித்தால் ஏடு ஏடாக வந்தது, மீன் செதிள் மாதிரி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அதனால் இந்த முறை வெளிக்கல் கலக்காத இடம் வேண்டும். பழைய மைக்கா, ஃபெல்ட்ஸ்பார் கனிமச் சுரங்கங்களின் கழிவுக் குவியல்களில் குழந்தையோடு தேட அனுமதிக்கும் இடம் ஏதாவது தெரியுமா? காசு கட்டினாலும் சரி. கார்னெட் கிடைத்தால் போதும், மரகத ஆசையெல்லாம் இல்லை.

புளூ ரிட்ஜ் பார்க்வே மலைச்சாலையில் கல் எடுக்கக் கூடாது என்று தெரியும். அங்கே 331ஆம் மைலில் உள்ள கனிம அருங்காட்சியகத்தைப் பார்ப்பதோடு சரி. பிஸ்கா தேசியக் காட்டில் கைக்கருவியோடு கொஞ்சம் எடுத்தவர்கள் இருந்தால், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். 2024 ஹெலீன் புயலுக்குப் பிறகு உள்சாலைகள் எப்படி இருக்கின்றன? எங்களுடையது சாதாரண செடான்.

அப்புறம், இதே மாநிலத்தின் ஃபிராங்க்ளின் ஊரில் மாணிக்கம் தேடியவர்களும் சொல்லலாம். மாணிக்கம் குருந்தம் என்ற கனிமத்தின் ஒரு வகை; அதன் ஆங்கிலப் பெயரான corundum நம்ம ஊர்ச் சொல்லிலிருந்து போனதுதானே!