பழைய பாய்க்கப்பலில் ஸ்காட்லாந்து மேற்குக் கரை: அனுபவமே இல்லாதவன் போகலாமா?

மழையூர்க்காரன்:
மான்செஸ்டரில் ஆறு வருஷமாக இருக்கிறேன். ஜூன் கடைசியில் ஒரு வாரம் லீவு. ஓபன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஒரு பழைய மரப் பாய்க்கப்பலில் ஆறு நாளுக்கு இடம் இருக்கிறதாம். மல் தீவு, ஸ்டாஃபா, முடிந்தால் செயின்ட் கில்டா என்று போட்டிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்து வர முடியாது, கயிறு இழுப்பது, சுக்கான் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாவற்றுக்கும் கை கொடுக்க வேண்டுமாம். காசையும் கொடுத்து வேலையும் செய்யணுமா என்று வீட்டில் ஒரே சிரிப்பு. எனக்கு ஆசை விடவில்லை. ஆனால் கடல் அனுபவம் என்றால் மெரினாவில் கால் நனைத்ததுதான். நீச்சல் கிணற்று நீச்சல், வயது 43, சைவம். சென்னையிலிருந்து மச்சானும் வருகிறேன் என்கிறான். போனவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
இரண்டு தடவை போயிருக்கிறேன், தாராளமாகப் போங்கள். நீச்சலை நினைத்துக் குழம்ப வேண்டாம். அந்தத் தண்ணீர் ஜூனில் 12 டிகிரி பக்கம்தான் இருக்கும், விழுந்தால் நீச்சல் சாம்பியனுக்கும் முதல் நிமிஷம் மூச்சு திணறும். அதனால் எல்லோருக்கும் ஒரே விதி, லைஃப் ஜாக்கெட், கரடுமுரடாக இருந்தால் கப்பலோடு கொக்கி மாட்டிக்கொள்வது.

வேலை என்றால் எப்படி என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கப்பல்களில் பெரிய பாயின் மேல் விளிம்பில் கனமான ஒரு மரம் இருக்கும், காஃப் என்பார்கள். அதன் இரண்டு முனைக்கும் தனித்தனிக் கயிறு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் மரம் சாயாமல் மேலே போகும். முதல் நாள் நாங்கள் வேகமாக இழுத்துவிட்டோம், எதிர்ப்பக்கம் ஒரு ஜெர்மன்காரப் பாட்டியும் ஒரு காலேஜ் பையனும் திணற, மரம் கோணிக்கொண்டு நின்றது, கேப்டன் ‘நிறுத்து’ என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைசி ஒரு முழம் சும்மா இழுத்தால் வராது. ஒருவர் கயிற்றை வில் நாண் மாதிரி வெளியே இழுத்து விட, கிடைத்த தளர்ச்சியை இன்னொருவர் கீழே முளையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஸ்வெட்டிங் என்று பெயர், பெயர் சும்மா வைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டிதான் எங்களுக்கு வேகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செயின்ட் கில்டாவை மறந்துவிடுங்கள். வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தையும் தாண்டி 65 கிலோமீட்டர் போக வேண்டும், அங்கே நங்கூரம் போடத் தோதான விரிகுடா ஒன்றே ஒன்று, கிழக்குக் காற்று திரும்பினால் ராத்திரியோடு ராத்திரி கிளம்ப வேண்டியதுதான். 1930-இல் கடைசி 36 பேரும் அந்தத் தீவை விட்டு வந்ததற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம். ஆறு நாளில் அது நடந்தால் லாட்டரி. விளம்பரத்தில் ‘முடிந்தால்’ என்று போட்டிருப்பதை இரண்டு தடவை படியுங்கள். என் முதல் பயணத்தில் ஸ்டாஃபாவைச் சுற்றிப் பார்த்ததோடு சரி, அலை காரணமாக இறங்க விடவில்லை. பதிலுக்கு ட்ரெஷ்னிஷ் தீவுகளில் பஃபின் பறவைகள் இரண்டடி தூரத்தில் நடந்து போயின, ஆகஸ்டில் போனால் அவை கடலுக்குத் திரும்பியிருக்கும்.

முத்துநகர்:
எங்கள் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் போனவர், அதனால் ஆர்வமாகப் படித்தேன். ஒரு குழப்பத்துக்குத் தயாராக இருங்கள் தம்பி, இங்கிலீஷில் ஷீட் என்றால் பாய் இல்லை, பாயின் கீழ் மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு. நம் ஆட்கள் தாமான் என்பார்கள். முதல் நாள் ஷீட்டை இழு என்றால் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

அப்புறம் நீரோட்டம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஓட்டம் கூடும் என்று நம் கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும், ஆனால் அங்கே அது வேற கணக்கு. ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே கொரிவ்ரெக்கன் என்று ஒரு நீர்ச்சுழி இருக்கிறது, கடலடியில் ஒரு பாறை முனை நிற்க, குறுகிய வாய்க்காலில் வெள்ளம் எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கம், அதில் மோதும். உங்கள் கப்பல் நல்ல காற்றில் ஆறு நாட் போனால் பெரிசு. எதிரே போனால் பின்னால்தான் போவீர்கள். அதனால் காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் கோபப்படாதீர்கள், கேப்டன் நீரோட்ட அட்டவணை பார்த்துத்தான் எழுப்புகிறார்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் உற்சாகத்தில் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். முதலில் ஒரு நாள் பயணம் போய்ப் பாருங்கள். வாந்தி எடுக்கிற உடம்பா என்று ஆறு நாளுக்குப் பணம் கட்டிய பிறகு தெரிந்தால் கஷ்டம். மாத்திரை என்றால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மச்சான் விஷயம்: பணம் கட்டி வந்தால் அவர் சுற்றுலாப் பயணி, விசிட்டர் விசா போதும். ‘வேலை செய், இலவசமாக வா’ என்று யாராவது கூப்பிட்டால் வேண்டாம், சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலைக் கணக்கில் வரும்.

உப்புக்காற்று:
சைவத்துக்குப் பிரச்சினை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோனேன், நாலாம் நாள் காலி, எனக்கு மிச்சம் இல்லை. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், வைக்க இடமே இருக்காது, என்னுடையது ஆறு நாளும் ஓபனில் கார் டிக்கியில் கிடந்தது. துணிப்பை போதும். படுக்கை சவப்பெட்டி அகலம். டாய்லெட்டுக்குக் கையால் பம்ப் அடிக்க வேண்டும், எப்படி என்று முதல் நாளே வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று நின்ற சாயங்காலம் மிட்ஜ் என்கிற பொடிக் கொசு மொய்க்கும், தலைக்கு வலை வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சூரியன் மறைவதை அந்த வலைக்குள்ளிருந்து பார்க்கலாம்.

மழையூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இடம் போட்டுவிட்டேன், இரண்டு பேருக்கும். முத்துநகர் அண்ணன் சொன்ன பிறகு காலண்டரைப் பார்த்தேன், அமாவாசை சரியாகப் பயணத்தின் நடுவில் வருகிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.